அமெரிக்க ஹைஸ்கூல்ல லத்தீனோ பசங்க, ரெண்டு ஊர் வாழ்க்கை: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஹூஸ்டன் பக்கம் இருக்கேன், ஐடி வேலை. ஆறு வருஷமா வாரத்துல ரெண்டு சாயந்திரம் ஒரு ஹைஸ்கூல்ல, நாட்டுக்குப் புதுசா வந்த பசங்களுக்கு கணக்கு சொல்லிக்குடுக்கப் போறேன், சம்பளம் கிடையாது, வாலண்டியர்தான். அங்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் லத்தீனோ. நம்ம ஆளுங்களை பொங்கல் விழா, பர்த்டே பார்ட்டின்னு எங்க பாத்தாலும் "அந்தப் பசங்க ஏன் படிக்க மாட்டேங்குறாங்க"ன்னு ஆரம்பிச்சு அதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தட்டுல இட்லி ஆறிப்போகுது, அதனால மொத்தமா இங்க எழுதி வச்சுட்டேன்.

லத்தீனோன்னா மெக்சிகோகாரங்கதானே?

இல்லைங்க. மெக்சிகோ பெரிய பங்கு, ஆனா குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், கொலம்பியா, வெனிசுவேலான்னு எல்லா ஊர்க்காரங்களும் உண்டு. பிரேசில்காரங்களையும் லத்தீனோன்னுதான் பலரும் சொல்றாங்க, ஆனா அவங்க பேசுறது போர்ச்சுகீஸ். புவெர்ட்டோ ரிக்கோ ஆளுங்க 1917-லயே அமெரிக்கக் குடிமக்கள் ஆயிட்டாங்க, விசா பேச்சே கிடையாது, இருந்தாலும் 2017 மரியா புயலுக்கு அப்புறம் ஃப்ளோரிடாவுல வந்து இறங்குன பிள்ளைங்களுக்கும் பாஷை, மாத்துச் சான்றிதழ்னு அதே தலைவலிதான். 2021 கணக்குப்படி அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்கள்ல 100-க்கு 28 பேர் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசுற நாட்டு வம்சாவளிக்கு அரசாங்கக் கணக்குல இருக்குற பேரு), அதுல பெரும்பாலானவங்க இங்கயே பிறந்தவங்க. நான் கீழ எழுதுறது முக்கியமா நடுவுல வந்தவங்களைப் பத்தி, 12, 15, 17 வயசுல வந்து ஹைஸ்கூல்ல உக்காந்தவங்க.

"ரெண்டு ஊர் வாழ்க்கை"ங்கிறீங்க. வந்துட்டா இங்கதானே இருக்காங்க?

உடம்பு இங்க இருக்கு. என் டேபிள்ல ஒரு பையன், 17 வயசு, குவாத்தமாலாவுல வேவேதெனாங்கோ மலைப்பக்கம். போனை எப்பவும் நோட்டுக்குப் பக்கத்துலயே வச்சிருப்பான். ஒரு நாள் ஈக்குவேஷன் நடுவுல வாட்ஸ்அப் வீடியோ கால், பாட்டி. தகரக் கூரையில மழை கொட்டுற சத்தம் எனக்கே கேக்குது. பாட்டி போனைத் திருப்பி ஒழுகுற இடத்தைக் காட்டுறாங்க, இவன் ரெண்டு தகடு போதுமா மூணு வேணுமான்னு கேக்குறான், ஆளு கூலி எவ்வளவுன்னு கேக்குறான், அது ஜாஸ்தி குறைச்சுப் பேசுங்கங்கிறான், தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டியாச்சான்னு கேக்குறான். நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் போனைக் கவுத்து வச்சுட்டு "மிஸ்டர், எக்ஸ் அந்தப் பக்கம் போனா மைனஸா?"ன்னான்.

அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷன் அவன்தான். துபாய்க்குப் போன நம்ம அண்ணன்மார் கதை மாதிரிதான் இருக்கும், ஆனா நம்ம அண்ணன் போனது 25 வயசுல, மறுநாள் காலையில அல்ஜீப்ரா கிளாஸுக்கு ஓட வேண்டியதில்ல.

இப்படி ஊருக்குப் போற காசை எல்லாம் சேத்துப் பாத்தா மெக்சிகோவுக்கு மட்டும் 2023-ல 6,000 கோடி டாலருக்கு மேல. எல் சால்வடோர்ல நாட்டோட மொத்த வருமானத்துல ஏறக்குறைய கால்வாசி அளவுக்கு இந்தக் காசு வருது. அதுல எத்தனை டாலர் ஸ்கூல் பையோட சுத்துற பசங்க அனுப்புனதுன்னு யாரும் தனியா எண்ணுறதில்ல. ஸ்கூல் பாக்குறது இந்தப் பக்கத்துப் பாதியை மட்டும்தான். என் மனக்குறையே அதுதான், கீழ எந்தக் கேள்வியில ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் அங்கதான் வந்து நிப்பேன், கோவிச்சுக்காதீங்க.

பேப்பர், அதாவது இங்க தங்குறதுக்கான குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளையை எப்படி ஸ்கூல்ல சேத்துக்குறாங்க? சட்டவிரோதம் இல்லையா?

சேத்துக்கலைன்னாதான் சட்டவிரோதம்! 1975-ல எங்க டெக்சஸ்லதான் ஒரு சட்டம் போட்டாங்க, பேப்பர் இல்லாத பிள்ளைங்க படிப்புக்கு மாநிலக் காசு குடுக்கமாட்டோம்னு. டைலர்னு ஒரு ஊர், அங்க ஸ்கூல் நிர்வாகம் அந்தப் பிள்ளைங்ககிட்ட தலைக்கு வருஷம் 1,000 டாலர் கட்டுன்னு சொல்லிடுச்சு. நாலஞ்சு குடும்பங்க கேஸ் போட்டுச்சு, உண்மைப் பேர் வெளிய தெரியக்கூடாதுன்னு எல்லாருக்கும் டோன்னு ஒரு பேரை வச்சு நடத்துனாங்க. கோர்ட்டுல வச்சே புடிச்சு அனுப்பிட்டா என்ன பண்றதுன்னு வீட்டுச் சாமானை எல்லாம் கார்ல ஏத்திக்கிட்டு விடியக்காலம் வந்து நின்ன குடும்பங்க அதுங்க. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 1982 ஜூன் 15-ல 9 நீதிபதிங்கள்ல 5 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்புன்னு தீர்ப்பு, பிள்ளைங்களை 12-ஆவது வரைக்கும் இலவசமா படிக்க வைக்கணும், பேப்பரைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாதுன்னு. பிளைலர் கேஸ்னு சொல்லுவாங்க, பிளைலர்ங்கிறது அந்த ஊர் ஸ்கூல் சூப்பரின்டென்டன்ட் பேரு.

அதனால ஆபீஸ்ல கேக்கக்கூடியது விலாசத்துக்கு அத்தாட்சி, வயசு, தடுப்பூசி, அவ்வளவுதான். சொந்தக்காரங்க வீட்டு ஹால்ல வேற வழியில்லாம ஒண்டிக்கிட்டு இருந்தா அதுவும் இல்லாமயே உடனே சேத்துக்கணும்னு வீடில்லாத பிள்ளைங்களுக்கான தனிச் சட்டம் 1987-ல இருந்து இருக்கு.

சட்டம் இருந்தாலும் பயம் வேற விஷயம். 2011-ல அலபாமாவுல ஸ்கூல்ல சேரும்போதே பேப்பர் விவரம் கேக்கணும்னு சட்டம் வந்தப்ப, அமலுக்கு வந்த அடுத்த திங்கக்கிழமையே 2,000-க்கும் மேல ஹிஸ்பானிக் பிள்ளைங்க வரல, மறுவருஷம் அந்தப் பகுதியை கோர்ட்டு தூக்கிடுச்சு. 2025 ஜனவரியில, ஸ்கூல் ஆஸ்பத்திரி சர்ச் பக்கம் குடியேற்ற அதிகாரிங்க பொதுவா போகமாட்டாங்கங்கிற பழைய நடைமுறையை எடுத்துட்டாங்க. அந்த வாரம் என் டேபிள்ல நாலு நாற்காலி காலி.

17 வயசு ஆளை 9-ஆவதுல உக்கார வைக்கிறாங்களே, ஃபெயில் ஆனவங்களா?

இதுதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற விஷயம், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

இங்க ஹைஸ்கூல்ல வகுப்புங்கிறது வயசை வச்சு இல்ல, கிரெடிட்டை வச்சு. ஒரு பாடம் ஒரு வருஷம் பாஸ் ஆனா ஒரு கிரெடிட். டெக்சஸ்ல குறைஞ்சது 22, பெரும்பாலான பசங்களுக்கு 26 வேணும் டிப்ளமோவுக்கு, அதாவது ஹைஸ்கூல் முடிச்ச சான்றிதழுக்கு. நீங்க வேற நாட்டுல என்ன படிச்சிருந்தாலும் மார்க் ஷீட்டு இல்லைன்னா பல இடத்துல கிரெடிட் 0, கிரெடிட் 0-ன்னா நீங்க 9-ஆவது. மார்க் ஷீட்டு எப்படி இருக்கும்? பஸ்ஸுலயும் சரக்கு ரயில்லயும் நடந்தும் மூணு நாடு தாண்டி வந்தவன் கிட்ட லேமினேட் பண்ண சர்டிஃபிகேட்டை எதிர்பாக்குறது நம்ம தப்பு.

அடுத்தது காலண்டர். குவாத்தமாலாவுல ஸ்கூல் வருஷம் ஜனவரியில ஆரம்பிச்சு அக்டோபர்ல முடியுது. அங்க வருஷத்தை ஒழுங்கா முடிச்சுட்டு நவம்பர்ல வந்து சேர்றவன், இங்க ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச வகுப்புல பாதியில நுழையறான், அந்த அரையாண்டுக்கு பல சமயம் கிரெடிட் தேறாது. அவன் ஒரு நாள் கூட வீணாக்கல, ஆனா கணக்குல ஆறு மாசம் அவுட்.

பேரு இன்னொரு கூத்து. அவங்களுக்கு ரெண்டு குடும்பப் பேரு, முதல்ல அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. இங்க கம்ப்யூட்டர்ல ஒருத்தர் அப்பா பேரை மிடில் நேம் கட்டத்துல போட்டுடுவாங்க, இன்னொருத்தர் ரெண்டையும் ஒட்டிடுவாங்க, ஒரே பையன் ரெண்டு பேர்ல ரெண்டு ஃபைலா இருப்பான். நம்ம இனிஷியலை வச்சுக்கிட்டு பாஸ்போர்ட் ஆபீஸ்ல பட்ட பாடு நினைவுக்கு வருதா? அதேதான். பிறந்த தேதியும் நம்மளை மாதிரி நாள் முதல்ல மாசம் அப்புறம்னு எழுதுறவங்க, 5-8-ன்னு எழுதிக்குடுத்தா ஆகஸ்ட் மே ஆயிடும்.

வகுப்புல நடக்குறதையும் சொல்றேன். வகுத்தல் கணக்கு போட்டா அங்க பெருக்கிக் கழிக்கிறதை மனசுலயே போட்டுட்டு மீதியை மட்டும்தான் எழுதுவாங்க, அப்படித்தான் சொல்லிக்குடுப்பாங்க. இங்க "ஸ்டெப் எங்க?"ன்னு கேட்டு பாதி மார்க். அந்த வேவேதெனாங்கோ பையன் 4,375-ஐ 25-ஆல வகுத்து மூணு வரியில 175-ன்னு எழுதிட்டு எதுக்கு சிவப்பு மை விழுந்துச்சுன்னு புரியாம என்னைப் பாக்குறான். நான் என்னத்தைச் சொல்ல, எங்க தாத்தாவும் அப்படித்தான் போடுவாரு.

எத்தனை வயசு வரைக்கும் படிக்கலாம்?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸ்ல செப்டம்பர் 1 அன்னைக்கு 21 முடியாம இருந்தா ஸ்கூல் சேத்துக்கணும், அதுக்கு மேல 26 வரைக்கும் அந்தந்த நிர்வாகம் இஷ்டப்பட்டா. "உனக்கு வயசாயிடுச்சு, பெரியவங்க படிக்கிற இடத்துக்குப் போ"ன்னு வாய்வார்த்தையா திருப்பி அனுப்புறது நடக்குது, நானே பாத்திருக்கேன், எந்த ஸ்கூல்னு சொல்லமாட்டேன். எழுதிக் குடுங்கன்னு கேட்டா பல சமயம் இடம் கிடைச்சுடும். கலிபோர்னியாவுல 2018-ல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, ஹைஸ்கூல் கடைசி ரெண்டு வருஷத்துல வந்து சேர்ற புதுப் பசங்களுக்கு உள்ளூர் நிர்வாகம் தானா சேத்து வச்ச கூடுதல் பாடங்கள்ல விலக்கு, மாநிலம் கேக்குற குறைஞ்சபட்சத்தை முடிச்சா போதும்.

இங்கிலீஷ் வராததுதானே மெயின் பிரச்சனை?

ஒரு பிரச்சனை, ஆமா. நாடு முழுக்க இங்கிலீஷ் கத்துக்கிற நிலையில இருக்குற அரசுப் பள்ளி மாணவர்கள் 50 லட்சத்துக்கும் மேல, அதுல நாலுல மூணு பேர் வீட்டு மொழி ஸ்பானிஷ்னு பதிவு. பாஷை புரியாத பிள்ளையை சும்மா வகுப்புல உக்கார வச்சா அது படிப்புக் குடுத்த மாதிரி ஆகாதுன்னு 1974-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, கேஸ் போட்டது சான் பிரான்சிஸ்கோவுல சீனக் குடும்பங்க. எப்படி சொல்லிக்குடுக்கணும்னு மட்டும் கோர்ட்டு சொல்லல, அதான் 50 வருஷமா அடிச்சுக்கிட்டே இருக்காங்க. கலிபோர்னியா 1998-ல ரெண்டு மொழி வகுப்பை ஓட்டுப் போட்டு கிட்டத்தட்ட நிறுத்திட்டு 2016-ல ஓட்டுப் போட்டே திருப்பிக் கொண்டுவந்துச்சு.

ஆனா "வீட்டு மொழி ஸ்பானிஷ்"ங்கிற பதிவை அப்படியே நம்பாதீங்க. என் டேபிள்ல உக்கார்ற அந்த வேவேதெனாங்கோ பையனுக்கு தாய்மொழி மாம், மாயா மொழிகள்ல ஒண்ணு. ஸ்பானிஷ் அவன் ஸ்கூல்ல கத்துக்கிட்டது, இங்கிலீஷ் மூணாவது. குவாத்தமாலாவுல மாயா மொழிகளே 20-க்கு மேல இருக்கு, கிச்சே, கன்ஹோபால்னு. மெக்சிகோவுல இருந்து வர்றவங்கள்ல மிஸ்டெக், ஸபோடெக் பேசுறவங்க இருக்காங்க. கலிபோர்னியா ஓக்லாண்ட் ஸ்கூல்கள்ல மாம் பேசுற பசங்க நிறையப் பேர். சேர்க்கை ஃபாரத்துல வீட்ல என்ன மொழின்னு கேட்டா இவங்களே ஸ்பானிஷ்னு எழுதிடுவாங்க, ஏன்னா ஊர்லயே மாம் பேசுனா கேலி பண்ணுவாங்க. ஒரு தடவை ஸ்கூல்ல அக்கறையா ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைப் போன்ல புடிச்சு அவன் பெரியம்மாகிட்ட பேச வச்சாங்க, அந்தம்மா எல்லாத்துக்கும் சீ, சீன்னு ஆமா போட்டாங்க, ஒரு வார்த்தை புரியல. போனை வச்சதும் பையன்கிட்ட மாம்ல கேட்டாங்க, என்னடா சொன்னான் அவன்னு.

வீட்ல ஸ்பானிஷ் பேசுறவங்களுக்கு ஸ்பானிஷ் பாடம் சும்மா கிடைச்ச மார்க் தானே?

அப்படி ஆகணும், ஆக மாட்டேங்குது. சில ஸ்கூல்ல தாய்மொழியா பேசுறவனையும் "வணக்கம், என் பெயர்" சொல்லிக்குடுக்குற முதல் வருஷ வகுப்புல தள்ளிடுறாங்க, அங்க டீச்சர் ஸ்பெயின் நாட்டு ஸ்பானிஷ்ல திருத்துவாங்க. நம்ம மதுரைக்காரன் தமிழை எவனோ வந்து திருத்துற மாதிரி. விவரமான ஸ்கூல்ல வீட்டு மொழிக்காரங்களுக்குன்னே தனி வகுப்பு உண்டு. கலிபோர்னியா 2011-ல சட்டமாக்குன இருமொழி முத்திரைன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மொழியில தேர்ச்சி காட்டுனா டிப்ளமோவுல ஒட்டித் தருவாங்க, இப்ப நாடு முழுக்கப் பரவிடுச்சு. நம்ம பிள்ளைங்க தமிழ்ப் பள்ளியில படிச்சுட்டு வாங்குறாங்களே, அதேதான்.

ராத்திரி வேலைக்குப் போறாங்களாமே? அப்பா அம்மா கேக்கமாட்டாங்களா?

அப்பா அம்மாவே கூட இல்லாத பசங்க இருக்காங்க. பெரியவங்க துணையில்லாம பார்டர்ல வந்து அரசாங்கக் காப்பகத்துக்குப் போன பிள்ளைங்க 2021 நிதியாண்டுல மட்டும் 1,20,000-க்கு மேல. அங்க இருந்து மாமா, அத்தை, அண்ணன்னு யாராவது ஸ்பான்சரா கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. அப்படி வந்து சேர்றதுல முன்னணி இடங்கள்ல ஒண்ணு ஹூஸ்டன் இருக்குற எங்க ஹாரிஸ் கவுன்ட்டி. மாமா வீட்ல வாடகைக்குப் பங்கு குடுக்கணும், கூட்டிட்டு வந்த கொயோட்டே, அதாவது ஏஜென்ட், அவனுக்கு நிலத்தை அடமானம் வச்சு வாங்குன கடன் ஊர்ல வட்டியோட நிக்குது. கடன் அந்த ஊர்ல, சம்பாத்தியம் இந்த ஊர்ல, ரெண்டுக்கும் நடுவுல முதல் பீரியட் காலையில 7:20-க்கு.

சட்டப்படி 16 ஆயிட்டா எத்தனை மணி நேரம் வேலை பாக்கலாம்னு மத்திய அரசு வரம்பு எதுவும் வைக்கல, ஆபத்தான வேலை மட்டும் 18 வரைக்கும் கூடாது. அதையும் மீறித்தான் 2023 பிப்ரவரியில தொழிலாளர் துறை ஒரு துப்புரவு கம்பெனிக்கு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு, 8 மாநிலத்துல 13 இறைச்சித் தொழிற்சாலைகள்ல ராத்திரி மெஷின் கழுவ 102 பிள்ளைங்களை வச்சிருந்தாங்க, 13 வயசுப் பிள்ளை கூட. இந்த மாதிரி ஒருத்தன் முதல் பீரியட்ல தூங்குனா டீச்சர் எழுதுறது "ஆர்வமில்லை"ன்னு.

அம்மாகூட சேந்துட்டாங்கன்னா பிரச்சனை தீந்துச்சுதானே?

சினிமாவுல தீந்துடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹோண்டுராஸ் பொண்ணு, அம்மா அமெரிக்கா கிளம்புனப்ப இவளுக்கு 4 வயசு, இவ வந்து சேந்தப்ப 14. பத்து வருஷம் வளத்தது அபுவேலா, அதாவது பாட்டி. பாட்டியைத்தான் இன்னைக்கும் மமான்னு கூப்பிடுறா, அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா. இங்க வந்து பாத்தா அம்மாவுக்குப் புது வீட்டுக்காரர், இங்கிலீஷ் பேசுற ரெண்டு குட்டித் தம்பிங்க, அதுங்க அமெரிக்கக் குடிமக்கள். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு விதமான பேப்பர். அம்மாவைப் பாத்த சந்தோஷத்தை விட பாட்டியை விட்டுட்டு வந்த துக்கம்தான் அவளுக்கு பெருசு, அதை யாருகிட்டயும் சொல்ல முடியாது, ஏன்னா அம்மா பத்து வருஷம் ஆபீஸ் கழுவிச் சேத்த காசுலதான் வந்திருக்கா.

பேரன்ட் டீச்சர் மீட்டிங்ல மொழிபெயர்ப்பு அவதான். ஸ்கூல்ல அதுக்கு ஆள் போடணும்னு விதி இருக்கு, பிள்ளையை வச்சு பேசக்கூடாது, ஆனா அன்னைக்கு ஆள் வரல. டீச்சர் சொன்னது "ரெண்டு பாடத்துல ஃபெயில் ஆகிற நிலைமை". இவ அம்மாவுக்குச் சொன்னது "ரெண்டு பாடத்துல இன்னும் கொஞ்சம் கவனம் வேணுமாம்". எனக்கு அரைகுறை ஸ்பானிஷ் வரும், அவளுக்கும் அது தெரியும், என்னை ஒரு பார்வை பாத்தா. நான் வாயைத் திறக்கல. சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

டிசம்பர்ல ஒரு மாசம் காணாமப் போயிடுறாங்களே, படிப்புல அக்கறை இருந்தா இப்படிப் போவாங்களா?

பேப்பர் இருக்குற குடும்பங்க போறாங்க, இல்லாதவங்க போனா திரும்ப முடியாது. மெக்சிகோவுல டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருவிழால ஆரம்பிச்சு ஜனவரி 6 மூணு ராஜாக்கள் நாள் வரைக்கும் ஊரே களைகட்டும், கல்யாணம், 15 வயசுப் பொண்ணுக்கு எடுக்குற கின்ஸியன்யேரா விழா எல்லாம் அந்த சமயத்துல வச்சுப்பாங்க. நம்ம வீட்ல மஞ்சள் நீராட்டுக்கு தாய்மாமன் வரலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. நம்ம ஆளுங்களும் டிக்கெட் விலை பாத்து தை மாசக் கல்யாணத்துக்குப் பிள்ளைங்களை ரெண்டு வாரம் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறோம், அதை யாரும் அக்கறையின்மைன்னு சொல்றதில்ல. டெக்சஸ்ல 90 சதவீதம் வருகை இல்லைன்னா பாஸ் ஆனாலும் கிரெடிட் நின்னுடும், அப்புறம் சனிக்கிழமை வந்து மணிக்கணக்கு அடைக்கணும்.

அறுவடைக்கு ஊர் ஊரா போற குடும்பங்க தனிக் கதை. டெக்சஸ் தெக்கு மூலையில இருந்து கோடைக்கு மிச்சிகன், மின்னசோட்டா பக்கம் போறவங்க, வருஷ முடிவுப் பரீட்சைக்கு முன்னாடி கிளம்பி அடுத்த வருஷம் ஆரம்பிச்சு ரொம்ப நாள் கழிச்சு வருவாங்க. அவங்களுக்குன்னு 1966-ல இருந்து மத்திய அரசுத் திட்டம் ஒண்ணு ஓடுது, பிள்ளையோட மார்க்கையும் கிரெடிட்டையும் மாநிலம் விட்டு மாநிலம் கடத்துறதுக்கு. மாநிலம் தாண்ட வழி பண்ணிட்டாங்க பாருங்க.

திரும்பி அங்கயே போயிட்டா படிப்பைத் தொடரலாமே?

போறாங்க. அமெரிக்காவுல பிறந்து இப்ப மெக்சிகோவுல வாழுற பிள்ளைங்க 5 லட்சத்துக்கு மேல. அப்பாவை நாடு கடத்துனா குடும்பமே கிளம்பும், 2008 வேலை நெருக்கடியிலயும் நிறையப் பேர் போனாங்க. அங்க போனா இதே படம் தலைகீழா ஓடும். வீட்ல பேசுற ஸ்பானிஷ் வரும், எழுத்துல வராது. திங்கக்கிழமை காலையில கொடிக்கு மரியாதை, எல்லாரும் கையை நெஞ்சுக்கு நேரா மட்டமா வச்சு தேசிய கீதம் பாடுவாங்க, இவன் வாயை மட்டும் அசைப்பான். இங்க தினமும் காலையில அமெரிக்கக் கொடியைப் பாத்து உறுதிமொழி சொன்னவன்தான். அங்க 10-க்கு மார்க், 6 பாஸ், இவன் கொண்டுபோறது ஏ பி சி கிரேடு. இங்க்லீஷ் கிளாஸ்ல டீச்சரை விட நல்லாப் பேசுறான்னு டீச்சருக்கே கடுப்பு. பசங்க போச்சோன்னு கிண்டல் பண்ணுவாங்க, அமெரிக்கா போய் ஸ்பானிஷை மறந்தவன்னு அர்த்தம். "நி தே ஆகி, நி தே அயா"ன்னு அவங்களே சொல்லுவாங்க, இந்த ஊரும் இல்ல அந்த ஊரும் இல்ல. நம்ம பாஷையில ரெண்டுங்கெட்டான்.

முன்னாடி அமெரிக்க சர்டிஃபிகேட்டுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டுல செல்லும்னு அரசாங்கம் வைக்கிற அத்தாட்சி), அரசாங்க மொழிபெயர்ப்புன்னு கேட்டு அலையவிடுவாங்க, 2015-ல மெக்சிகோ கல்வித்துறை அதை வேணாம்னு மாத்திடுச்சு. மேல மாறுனது கீழ கிராமத்து ஸ்கூல் ஆபீஸ் வரைக்கும் வந்து சேர டைம் எடுத்துச்சு, அது எந்த நாடா இருந்தாலும் அப்படித்தானே.

தினமும் பார்டர் தாண்டி ஸ்கூலுக்கு வர்றவங்க இருக்காங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். நியூ மெக்சிகோவுல கொலம்பஸ்னு சின்ன ஊர், பார்டருக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவோட பலோமாஸ். அங்க குடியிருக்குற, ஆனா அமெரிக்கக் குடியுரிமை இருக்குற நூத்துக்கணக்கான பிள்ளைங்க காலை இருட்டுலயே செக்போஸ்ட் தாண்டி நடந்து வருவாங்க, இந்தப் பக்கம் மஞ்ச பஸ் நிக்கும். பெரிய பிள்ளைங்க அங்க இருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வடக்க டெமிங் ஹைஸ்கூலுக்கு. தலைமுறை தலைமுறையா நடக்குது. எல் பாசோவுக்கு ஹுவாரெஸ்ல இருந்து, சான் டியாகோவுக்கு டிஹுவானாவுல இருந்தும் வர்றாங்க, அங்க வரிசை மணிக்கணக்கு. டெமிங்ல எனக்குப் புடிச்சது, பிள்ளை ரெண்டு பக்கமும் வாழுதுன்னு ஸ்கூலுக்கே தெரியும், அதுக்குத் தக்கபடி பஸ் ஓடுது.

ஹைஸ்கூல் முடிச்சா காலேஜ் போகலாமா? டாக்கான்னு ஒண்ணு இருக்கே?

டாக்கா வந்தது 2012 ஜூன் 15, பிளைலர் தீர்ப்புக்கு சரியா 30 வருஷம் கழிச்சு அதே தேதி. பேப்பர் இல்லாம சின்ன வயசுல வந்தவங்களை நாடு கடத்தாம, வேலை பெர்மிட் தர்ற ஏற்பாடு. ஆனா நிபந்தனையைப் பாருங்க, 2007 ஜூன் 15-க்கு முன்னாடியே இங்க இருந்திருக்கணும். இன்னைக்கு ஹைஸ்கூல்ல இருக்குற 17 வயசுப் பையன் அன்னைக்குப் பிறக்கவே இல்ல! புது மனுக்களும் 2021-ல டெக்சஸ் கோர்ட்டு உத்தரவுக்கு அப்புறம் நின்னு போச்சு. யாராவது "டாக்கா இருக்கே, அப்ளை பண்ணச் சொல்லுங்க"ன்னு சொன்னா இந்தத் தேதியை மட்டும் சொல்லிடுங்க.

காலேஜ்ல சேரத் தடை இல்ல பெரும்பாலான மாநிலத்துல, பணம்தான் தடை, மத்திய அரசு உதவித்தொகை பேப்பர் இல்லாதவங்களுக்கு கிடையாது. உள்ளூர்க்காரங்களுக்கான குறைஞ்ச ஃபீஸை இவங்களுக்கும் தர்றதுக்கு 2001-ல முதல்ல சட்டம் போட்டதே டெக்சஸ்தான், அதே வருஷம் கலிபோர்னியா. 2025 ஜூன்ல மத்திய அரசு கேஸ் போட்டுச்சு, டெக்சஸ் எதிர்த்து நிக்கவே இல்ல, அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. 24 வருஷ ஏற்பாடு ஒரே நாள்ல. அந்த மே மாசம் டிப்ளமோ வாங்குன ஒரு பொண்ணு அட்மிஷன் லெட்டரை என்கிட்ட காட்டி இப்ப எவ்வளவு கட்டணும்னு கேட்டா, ரெண்டு பேரும் வெப்சைட்டைத் திறந்து பாத்துட்டு மூடிட்டோம்.

பாதிப் பேர் ட்ராப் அவுட் தானே கடைசியில?

இல்லவே இல்ல, இது பழைய கதை. 16-ல இருந்து 24 வயசு ஹிஸ்பானிக் இளைஞர்கள்ல படிப்பை முடிக்காம வெளிய இருந்தவங்க 2000-ல 100-க்கு 28 பேர் கிட்ட. 2021-ல 8 பேர் கிட்ட. இவ்வளவு இறங்குனதை யாரும் பார்ட்டியில பேசுறதில்ல. வெளிநாட்டுல பிறந்து நடுவுல வந்தவங்க நிலைமை இன்னும் மோசம்தான், அதுலயும் சில பேர் இங்க ஸ்கூல்ல காலே வைக்காதவங்க, நேரா வேலைக்கு வந்தவங்க, அவங்களையும் ட்ராப் அவுட்னு எண்ணிடுறாங்க.

புதுசா வந்தவங்களுக்குன்னே நடத்துற ஸ்கூல்களும் இருக்கு. 1985-ல நியூயார்க் குவீன்ஸ்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ் வளாகத்துல ஆரம்பிச்சது இன்டர்நேஷனல் ஹைஸ்கூல், அப்புறம் அதே மாதிரி ஓக்லாண்ட்ல 2007-லன்னு பல ஊர்ல வந்துச்சு. அங்க இங்கிலீஷ் தனி வகுப்பு இல்ல, சயின்ஸ் டீச்சரும் இங்கிலீஷ் சொல்லித்தருவாரு, பசங்க அவங்கவங்க மொழியில பேசி வேலையை முடிக்கலாம்.

நம்மால என்ன பண்ண முடியும்?

பெருசா ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்து பேப்பரை இந்தப் பக்கம் கொண்டுவர உதவலாம். ஊர் ஸ்கூல்ல இருந்து மார்க் ஷீட்டு வாங்கச் சொல்லி நச்சரிங்க, வந்ததும் கவுன்சிலர், அதாவது கிரெடிட் கணக்கு பாக்குற ஸ்கூல் ஆலோசகர், அவங்க முன்னாடி கொண்டுபோய் வைங்க, பையன் தனியாப் போனா நாளைக்கு வாங்கன்னு சொல்லிடுவாங்க, கூட ஒரு பெரியவர் நின்னா ஃபைலைத் திறப்பாங்க.

அந்த வேவேதெனாங்கோ பையன் ஊர்ல பாசிகோ முடிச்சிருந்தான், அது நம்ம 9-ஆவது வரைக்கும். ரெண்டு வருஷமா அவனும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல, கிரெடிட் 0-ல உக்காந்திருந்தான். தங்கச்சி ரெண்டு தடவை பஸ் ஏறிப்போய் சர்டிஃபிகேட்டை வாங்கி போட்டோ அனுப்புச்சு, இங்க ஆபீஸ்ல சீல் வச்ச ஒரிஜினல்தான் வேணும்னுட்டாங்க. கடைசியில என்கொமியெந்தால வந்துச்சு, ஊருக்கும் இங்கயும் பெட்டி சுமந்துக்கிட்டு போக வர இருக்குற ஆளுங்க, நம்ம குருவிங்க மாதிரி. பாட்டி சுட்ட ரொட்டி, வறுத்த பூசணி விதை, நடுவுல பிளாஸ்டிக் கவர்ல சர்டிஃபிகேட். கவுன்சிலர் அம்மா ஒவ்வொரு பாடமாப் பாத்து 26-ல 5 கிரெடிட் போட்டாங்க, சர்டிஃபிகேட் மூலையில ஒரு எண்ணெய்க் கறை. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷ மாநிலப் பரீட்சை இன்னும் பாக்கி, ஜூன்ல திரும்ப எழுதுறான். அன்னைக்கு சாயந்திரம் பாட்டிக்கு கால் போட்டு 5 கிடைச்சுதுன்னு மாம்ல சொன்னான், அவங்க ஏதோ கேட்டாங்க, இவன் சிரிச்சான். என்னன்னு கேட்டேன். ரொட்டி நொறுங்காம வந்துச்சான்னு கேக்குறாங்களாம்.